மறுப்பு வாக்கியத்தில் வினையடைக்கு இடம் எது?

நான்கே சொற்கள். அவற்றை இரண்டு விதமாக அடுக்கிப் பாருங்கள்.

ஐ டோன்ட் றியலி நோ.
ஐ றியலி டோன்ட் நோ.

முதலாவதைச் சொன்னவர் "எனக்கு அவ்வளவாத் தெரியாது" என்கிறார். கொஞ்சம் தெரிந்திருக்கலாம் என்று அதற்குள் ஒரு இடைவெளி இருக்கிறது. இரண்டாவதைச் சொன்னவர் "உண்மையா எனக்குத் தெரியாது" என்று அடித்துச் சொல்கிறார். நேர்முகத் தேர்வில் உங்களுக்கு ஓரளவு பழக்கமான ஒரு கருவியைப் பற்றிக் கேட்கிறார்கள் என்று வையுங்கள். முதலாவது வாக்கியத்தைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும். இரண்டாவதைச் சொன்னால் அந்தப் பேச்சு அதோடு முடிந்துவிடும்.

இந்த அத்தியாயம் முழுவதும் அந்த ஒரு சொல்லின் இடமாற்றத்தைப் பற்றியது. எப்படி, எப்போது, எத்தனை தரம், எந்த அளவுக்கு என்று வினைக்கு விளக்கம் தரும் சொல் வினையடை. பள்ளிக்கூடத்தில் அட்வேர்ப் என்று படித்திருப்பீர்கள். ஆங்கிலத்தில் மறுப்பைச் சுமப்பது நொட் என்ற சொல். வினையடை அதற்கு முன்னால் நிற்கிறதா, பின்னால் நிற்கிறதா என்பதே இங்கே விசயம். ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். ஒவ்வொன்றையும் முதலில் வாய்விட்டு வாசியுங்கள். பிறகு கொப்பியில் ஆங்கில எழுத்தில் எழுதுங்கள். கண்ணால் மட்டும் படித்துவிட்டுப் போனால் இந்தப் பாடம் ஒட்டாது.

நாம் எங்கே இடறுகிறோம்

தமிழில் மறுப்பு வினையின் வாலில் வருகிறது: வரேல்லை, வாறேல்லை, வரமாட்டார், வராது. வினையோ வாக்கியத்தின் கடைசியில் நிற்கிறது. ஆகவே வேறு எந்தச் சொல்லானாலும் மறுப்புக்கு முன்னால்தான் வரும். மறுப்புக்கு முன், பின் என்று இடத்தை வைத்துப் பொருளைப் பிரிக்கத் தமிழில் வழியே இல்லை.

அப்படியானால் நாம் எப்படிப் பிரிக்கிறோம்? குரலால் பிரிக்கிறோம். ஏ, உம், தான் போன்ற சின்னச் சொற்களால் பிரிக்கிறோம். "அவர் வேணுமெண்டு சொல்லேல்லை" என்ற வாக்கியத்தை எடுங்கள். வாய் தவறிச் சொல்லிவிட்டார், உள்நோக்கம் இல்லை என்றும் கொள்ளலாம். தெரிந்துகொண்டே சொல்லாமல் விட்டார் என்றும் கொள்ளலாம். "வேணுமெண்டே சொல்லேல்லை" என்று ஓர் ஏகாரத்தைச் சேர்த்தால் இரண்டாவது பொருள் உறுதியாகிறது. "வேணுமெண்டு சொன்னதில்லை" என்றால் முதலாவது பொருள் உறுதியாகிறது. நாம் இதை யோசித்துச் செய்வதில்லை. தாய்மொழியில் நாக்கு தானே செய்துவிடும்.

ஆங்கிலத்தில் அந்த ஏகாரம் கிடையாது. அதன் வேலையை இடம் செய்கிறது.

ஹீ டிட் நொட் டெலிபரேட்லி சே இட்.
ஹீ டெலிபரேட்லி டிட் நொட் சே இட்.

முதலாவதில் அவர் சொன்னார், ஆனால் வேண்டுமென்று சொல்லவில்லை. இரண்டாவதில் அவர் சொல்லவே இல்லை, அதுவும் வேண்டுமென்றே. முதலாவது ஒருவருக்காக வாதாடுகிறது. இரண்டாவது அவர்மேல் குற்றம் சுமத்துகிறது. விசா விண்ணப்பத்தில் ஒரு திகதி விடுபட்டுப் போனதற்கு விளக்கம் எழுதும் ஒருவர், தமிழில் நினைத்த வரிசையிலேயே டெலிபரேட்லி என்பதை முன்னால் போட்டு, பிறகு டிட் நொட் கிவ் த டேட் என்று எழுதினால், தன்னுடைய கையாலேயே ஒப்புதல் வாக்குமூலம் கொடுத்தவர் ஆகிவிடுவார். வினையடையை முதலில் போடுவது தமிழில் இயல்பு. அந்த இயல்புதான் நம்மை இங்கே இழுத்து விழுத்துகிறது.

ஒரே விதி

நொட் என்பதற்கு வலப்பக்கத்தில் நிற்கும் வினையடை மறுப்புக்குள் அகப்படும். இடப்பக்கத்தில் நிற்பது அகப்படாது. வன்னியில் உள்ள ஸ்கந்தபுரத்துப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல அக்கராயன் குளமே போதும். துருசை (மதகை) திறந்தால் தண்ணீர் குளத்துக்குக் கீழே உள்ள வயலுக்குப் பாயும். குளத்துக்கு மேலே உள்ள காணிக்கு அந்தத் தண்ணீர் ஏறாது. மறுப்பும் அப்படித்தான், வலப்பக்கம் மட்டுமே பாயும்.

இந்த விதியை ஓர் எண்ணிக்கையோடு வைத்துப் பார்த்தால் மனதில் நிற்கும்.

த பஸ் டஸ் நொட் ஓஃபன் ஸ்டொப் ஹியர்.
த பஸ் ஓஃபன் டஸ் நொட் ஸ்டொப் ஹியர்.

பஸ் பத்துத் தரம் இந்தச் சந்தியால் போகிறது. ஆறு தரம் நிற்கிறது, நான்கு தரம் நிற்காமல் போகிறது. இப்போது எந்த வாக்கியம் சரி? இரண்டாவது சரி: நிற்காமல் போவது அடிக்கடி நடக்கிறது. முதலாவது பிழை: அது "அடிக்கடி நிற்பதில்லை, எப்போதாவதுதான் நிற்கும்" என்று சொல்கிறது, ஆனால் ஆறு தரம் நிற்கிறதே. அடிக்கடி நிற்பதை மறுப்பது வேறு, அடிக்கடி நிற்காமல் போவது வேறு. போக்குவரத்து அதிகாரிக்கு முறைப்பாடு எழுதுகிறவர் எது நடக்கிறதென்று முதலில் தமிழில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஓஃபனை எங்கே வைப்பது என்பது அதன் பிறகுதான்.

யூசுவலி என்ற சொல்லோடு இந்தக் கவலை வேண்டாம். ஐ டோன்ட் யூசுவலி டிரிங்க் டீ, ஐ யூசுவலி டோன்ட் டிரிங்க் டீ இரண்டுக்கும் நடைமுறையில் வேறுபாடு இல்லை. எது வாயில் வருகிறதோ அதைச் சொல்லுங்கள்.

ஓல்வேய்ஸ் அப்படியல்ல. "அவர் எல்லா நாளும் வாறேல்லை" என்பதற்கு ஹீ டஸ் நொட் ஓல்வேய்ஸ் கம் என்று எழுத வேண்டும். சில நாள் வருவார், சில நாள் வரமாட்டார். "அவர் எண்டைக்கும் வாறேல்லை" என்பதற்கு ஹீ நெவர் கம்ஸ். நம்மவர் பலர் ஹீ ஓல்வேய்ஸ் டஸ் நொட் கம் என்று எழுதுகிறார்கள். ஆங்கிலம் பேசுகிறவர் அதைக் கேட்டு, எல்லா நாளும் இல்லையா, ஒருநாளும் இல்லையா என்று திரும்பக் கேட்பார். வரவுப் பதிவேட்டை வைத்துப் பேசும் இடத்தில் அந்தக் குழப்பம் ஒரு பிள்ளையின் பெயரைக் கெடுக்கும்.

முழுக்க இல்லையா, முழுக்கவே இல்லையா

வன்னியில் இந்தப் பாடத்துக்கு மிகப் பாரமான இடம் ஒன்று உண்டு. போருக்குப் பிறகு இங்கே கண்ணிவெடி அகற்றும் வேலையில் ஹலோ ட்ரஸ்ட், மாக் போன்ற அமைப்புகளில் எங்கள் இளைஞர்களும் பெண்களும் ஏராளமாகச் சேர்ந்தார்கள். 2017 இல் இலங்கை கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது. நிலத்தைத் துப்புரவாக்கி முடிக்க அதன்படி 2028 வரை காலம் இருக்கிறது. அந்த வேலையில் ஓர் இடத்தைப் பற்றி ஆங்கிலத்தில் குறிப்பு எழுத வேண்டிய நேரம் வரும்.

"இந்தத் துண்டை முழுக்கச் சோதிக்கேல்லை" என்று தமிழில் சொன்னால் இரண்டு பொருள் வரலாம். ஒரு பகுதி சோதித்தாயிற்று, மிச்சம் கிடக்கிறது. அல்லது, முழுத் துண்டும் சோதிக்காமல் கிடக்கிறது. நேரில் நிற்பவர் கையை நீட்டிக் காட்டி விளங்கப்படுத்திவிடுவார். கடதாசியில் கை இல்லை.

வீ டிட் நொட் கம்ப்ளீட்லி செக் திஸ் ஸ்ட்ரிப்.
வீ டிட் நொட் செக் திஸ் ஸ்ட்ரிப் அட் ஓல்.

முதலாவது, கொஞ்சம் செய்து முடிக்காமல் விட்டது. இரண்டாவது, தொடவே இல்லை. இங்கே கவனியுங்கள்: இரண்டாவது பொருளுக்காக கம்ப்ளீட்லியை இடப்பக்கம் தள்ளவில்லை. வீ கம்ப்ளீட்லி டிட் நொட் செக் என்பது ஆங்கிலத்தில் நிற்காது. கம்ப்ளீட்லி, என்டயர்லி, ஃபுல்லி மூன்றும் இப்படிப்பட்ட வாக்கியங்களில் நொட்டுக்கு வலப்பக்கத்தில் இருக்கவே பிறந்தவை. முற்றாக இல்லை என்று சொல்ல அட் ஓல் என்ற தொடரை வாக்கியத்தின் கடைசியில் வையுங்கள். என்னைக் கேட்டால், அப்படியான குறிப்பில் இந்த வினையடைகளை நம்பி நிற்காமல் எத்தனை மீற்றர் சோதித்தது, எத்தனை மீற்றர் மிச்சம் என்று இலக்கத்தையும் எழுதிவிடுவதே நல்லது. உயிரோடு சம்பந்தப்பட்ட வாக்கியத்துக்கு ஒரு பாதுகாப்பு போதாது.

மருத்துவமனைக் கிளினிக்கிலும் இதே சிக்கல் வரும். "அப்பா மருந்தை ஒழுங்காக் குடிக்கிறேல்லை" என்பதை ஆங்கிலம் மட்டும் தெரிந்த ஒரு மருத்துவருக்குச் சொல்கிறீர்கள். ஹீ டஸ் நொட் டேக் த மெடிசின் றெகியுலர்லி என்றால், குடிக்கிறார், ஆனால் இடையிடையே விட்டுவிடுகிறார். றெகியுலர்லியை ஹீ என்பதற்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தால், மருந்தை விடுவதையே ஒழுங்காகச் செய்கிறார் என்றாகிவிடும்.

இடம் மாறினால் சொல்லே மாறும் வினையடைகள்

சில வினையடைகள் இடப்பக்கம் போனதும் வினையை விட்டுவிட்டு, பேசுகிறவரின் கருத்தாக மாறிவிடும்.

ஹீ டிட் நொட் எக்ஸ்ப்ளெயின் இட் கிளியர்லி.
ஹீ கிளியர்லி டிட் நொட் எக்ஸ்ப்ளெயின் இட்.

முதலாவதில் விளக்கினார், ஆனால் தெளிவில்லை. இரண்டாவதில் அவர் விளக்கவே இல்லை. அது எனக்கு நன்றாகத் தெரிகிறது என்பதுதான் அங்கே கிளியர்லி. ஒனஸ்ட்லியும் அப்படி. ஹீ டிட் நொட் ஸ்பீக் ஒனஸ்ட்லி என்றால் அவர் நேர்மையாகப் பேசவில்லை. ஒனஸ்ட்லி, ஹீ டிட் நொட் ஸ்பீக் என்றால் "உண்மையைச் சொல்லப் போனால் அவர் பேசவே இல்லை." நேர்மை யாருடையது என்பதே இடம் மாறிவிட்டது. வைஸ்லி, ஃபூலிஷ்லி, நசுரலி எல்லாம் இதே கூட்டம்.

ஜஸ்ட் என்ற சின்னச் சொல்லும் இப்படித்தான். ஐ ஜஸ்ட் டோன்ட் அண்டர்ஸ்டாண்ட் என்றால் "எனக்கு விளங்கவே இல்லை" என்ற சலிப்பு. வீ டோன்ட் ஜஸ்ட் க்ரோ பாடி என்றால் "நாங்கள் நெல் மட்டும் செய்யிறேல்லை, வேறும் செய்யிறம்." சிம்ப்ளியும் ஜஸ்ட் போகும் வழியிலேயே போகும்.

மறுப்புக்குள் புக மறுப்பவை

ப்ரொபப்ளி என்றால் "அநேகமாக". பேசுகிறவரின் ஊகம் அது. ஊகத்தை யாரும் மறுப்புக்குள் போடுவதில்லை. ஆகவே ப்ரொபப்ளி நொட்டுக்கு முன்னால் நிற்கும்: இட் வில் ப்ரொபப்ளி நொட் ரெயின் டுடே. பேச்சில் வில், நொட் இரண்டும் ஒட்டி வோன்ட் ஆகிவிடுகின்றன. அப்போது நடுவில் புக இடம் இல்லை. அதனால் வினையடை அந்த ஒட்டிய சொல் முழுவதற்கும் முன்னால் ஏறிக்கொள்ளும்: இட் ப்ரொபப்ளி வோன்ட் ரெயின் டுடே. இட் வோன்ட் ப்ரொபப்ளி ரெயின் என்று சொன்னால் காதுக்கு உறுத்தும்.

பாடப் புத்தகம் பெரும்பாலும் துணைவினைக்குப் பின்னால் வினையடை என்று சொல்லித்தரும். அது ஐ வில் ப்ரொபப்ளி கோ போன்ற உடன்பாட்டு வாக்கியத்துக்குச் சரி. பிள்ளைகள் அதை மனனம் செய்துகொண்டு வோன்ட், கான்ட், டிடின்ட் ஆகியவற்றுக்கும் பின்னால் போடுகிறார்கள். ஒட்டிய சொல்லுக்குள் ஒரு நொட் ஒளிந்திருப்பதை அவர்களுக்குக் காட்டிக் கொடுக்க வேண்டியது நம் கடமை. பெர்ஹாப்ஸ், ஒப்வியஸ்லி, அன்ஃபோர்சுனேட்லி, சம்டைம்ஸ் எல்லாம் ப்ரொபப்ளியைப் போலவே முன்னால் நிற்பவை. "சிலவேளை அவர் போனை எடுக்கிறேல்லை" என்பது ஹீ சம்டைம்ஸ் டஸ் நொட் ஆன்சர் த ஃபோன்.

இவற்றுக்கு நேர் எதிரானது நெசசரிலி. இது வலப்பக்கத்தில் மட்டுமே வாழும். அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியல் பீடமும் இருக்கின்றன. அங்கே படிப்பு ஆங்கிலத்தில். தமிழில் உயர்தரம் எழுதிவிட்டுப் போகும் எங்கள் பிள்ளை, முதல் அறிக்கையிலேயே இந்தச் சொல்லைச் சந்திக்கும்.

யெலோ லீவ்ஸ் டூ நொட் நெசசரிலி மீன் எ லாக் ஒஃப் நைட்ரஜன்.

இலை மஞ்சளானால் நைதரசன் குறைபாடுதான் என்றில்லை. கந்தகம் குறைந்தாலும், வேரில் தண்ணீர் தேங்கினாலும் மஞ்சளாகும். தமிழில் "தான்" என்பதும் "என்றில்லை" என்பதும் சேர்ந்து செய்த வேலையை ஆங்கிலத்தில் நொட் நெசசரிலி செய்கிறது. உங்கள் மனதில் "அப்படித்தான் எண்டு சொல்லேலாது" என்ற தமிழ் வந்தால், கை தானாக நொட் நெசசரிலி எழுதப் பழக வேண்டும். அறிவியலில் இதைவிடப் பயன்படும் மறுப்பு குறைவு.

இன்னும்

தமிழில் ஒரே "இன்னும்". ஆங்கிலத்தில் ஸ்டில், யெட் என இரண்டு. இவற்றின் இடமும் வேறு, குணமும் வேறு.

ஸ்டில் நொட்டுக்கு முன்னால் நிற்கும்: ஐ ஸ்டில் ஹாவ் நொட் ரிசீவ்ட் த லெட்டர். யெட் பின்னால் நிற்கும், பெரும்பாலும் கடைசியில்: ஐ ஹாவ் நொட் ரிசீவ்ட் த லெட்டர் யெட். அலுவலகக் கடிதத்தில் நொட்டுக்கு அடுத்தபடியாகவும் வைக்கலாம்: ஐ ஹாவ் நொட் யெட் ரிசீவ்ட் த லெட்டர். இரண்டும் "கடிதம் இன்னும் கிடைக்கேல்லை" என்பதுதான். ஆனால் ஸ்டில் சொன்னவர் பொறுமை இழந்துவிட்டார் என்று வாசிப்பவருக்குத் தெரியும். யெட் சொன்னவர் வரும் என்று காத்திருக்கிறார்.

1987 இல் வந்த, அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் சிங்களத்தோடு தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்றது. அரசாங்க அலுவலகத்துக்குத் தமிழில் எழுதும் உரிமை உங்களுடையது, அதை விட்டுக்கொடுக்க வேண்டாம். ஆனாலும் இணைப்பு மொழியில் ஒரு நினைவூட்டல் எழுத வேண்டி வரும் நாளில், முதற் கடிதத்தில் யெட் எழுதுங்கள். மூன்றாவது கடிதத்துக்கும் பதில் இல்லை என்றால் ஸ்டில் எழுதுங்கள். அது மரியாதை குறையாமல் உறைக்கும்.

ஸ்டில்லை நொட்டுக்குப் பின்னால் தள்ளினால் என்ன நடக்கும்?

த வோட்டர் இஸ் ஸ்டில் நொட் ரன்னிங்.
த வோட்டர் இஸ் நொட் ஸ்டில் ரன்னிங்.

முதலாவதில் வாய்க்காலில் தண்ணீர் இன்னும் வரத் தொடங்கவில்லை. இரண்டாவதில் தண்ணீர் முன்பு ஓடியது, இப்போது நின்றுவிட்டது. ஒன்று தண்ணீர் வருமுன், மற்றது தண்ணீர் நின்ற பின். இரண்டாவது அமைப்பை நீங்கள் எழுத வேண்டிய தேவை குறைவு; "இப்ப ஓடுறேல்லை" என்பதற்கு த வோட்டர் இஸ் நொட் ரன்னிங் எனி மோர் என்று எழுதுவதே இயல்பு. ஆனால் வாசிக்கும்போது கண்டால் ஏமாறக் கூடாது.

ஓல்ரெடியை மறுப்பு வாக்கியத்தில் போடாதீர்கள். "ஏற்கனவே வரேல்லை" என்று தமிழிலும் நாம் சொல்வதில்லையே.

"நானும் போகேல்லை" என்பதற்கு ஐ டிடின்ட் கோ ஐதர். ஐ ஓல்சோ டிடின்ட் கோ என்று இலங்கையில் எல்லோரும் பேசுகிறார்கள், எல்லோருக்கும் விளங்கும், பேச்சில் அதைத் திருத்திப் பிள்ளையின் வாயை அடைக்க வேண்டியதில்லை. சாதாரண தரப் பரீட்சைத் தாளில் மட்டும் ஐதரைக் கடைசியில் வைத்து எழுதச் சொல்லுங்கள்.

மறுப்பைத் தனக்குள்ளே வைத்திருக்கும் சொற்கள்

நெவர், ஹாட்லி, செல்டம், றெயர்லி நான்குக்கும் நொட் தேவையில்லை. மறுப்பு உள்ளேயே இருக்கிறது. ஐ டிடின்ட் நெவர் கோ என்று எழுதினால் பாடப் புத்தக ஆங்கிலத்தில் பிழை. தமிழில் "ஒருநாளும் போகேல்லை" என்று ஒருநாளும், இல்லை இரண்டையும் சேர்த்தே சொல்லிப் பழகியதால் இந்தப் பிழை வருகிறது. நெவரை எழுதிய கை நொட்டை விட்டுவிட வேண்டும்: ஐ நெவர் வென்ட்.

ஹாட்லியில் இன்னொரு பள்ளம் இருக்கிறது. கடுமையாக உழைக்கிறார் என்று ஒருவரைப் புகழ நினைத்து ஹீ ஹாட்லி வேர்க்ஸ் என்று எழுதுகிறார்கள். அதன் பொருள் "அவர் வேலை செய்யிறதே அருமை." புகழ்ச்சிக்கு ஹீ வேர்க்ஸ் ஹாட் என்று எழுத வேண்டும். சிபாரிசுக் கடிதத்தில் இந்த ஒரு லி செய்யும் கேடு பெரிது.

இந்தச் சொற்களை வாக்கியத்தின் தலையில் வைத்தால் துணைவினை எழுவாயைத் தாண்டி முன்னால் வரும்: நெவர் ஹாவ் ஐ சீன் சச் எ ஃபிளட். உயர்தரப் பொது ஆங்கிலத்துக்குத் தெரிந்திருந்தால் போதும்.

பிகோஸ்

வினையடை ஒற்றைச் சொல்லாக மட்டும் வருவதில்லை. பிகோஸ் என்று தொடங்கும் காரணத் தொடரும் அதே வேலையைச் செய்கிறது. வன்னி மக்களுக்கு இதைச் சொல்லாமல் இந்த அத்தியாயத்தை முடிக்க எனக்கு மனமில்லை. 2008 இல் போரால் இந்தப் பகுதி மக்கள் பெருமளவில் இடம்பெயர்ந்தார்கள். திரும்பி வந்தவர்களில் எத்தனையோ பேர் காணிக்காகவும், காணாமற் போனவர்களுக்காகவும், வெளிநாட்டில் புகலிடத்துக்காகவும் தங்கள் கதையை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. இப்போதும் வேண்டியிருக்கிறது.

ஐ டிட் நொட் லீவ் மை லாண்ட் பிகோஸ் ஐ வோஸ் அஃப்ரெய்ட்.

இதைப் படிக்கும் அதிகாரி என்ன விளங்கிக்கொள்வார்? பயத்தால் காணியை விட்டு அசையவில்லை என்றா? காணியை விட்டது உண்மை, ஆனால் காரணம் பயமல்ல என்றா? ஆங்கிலத்தில் இரண்டும் வரும். மறுப்பைப் பற்றியே 1917 இல் தனி நூல் எழுதிய டென்மார்க் மொழியியலாளர் ஓட்டோ யெஸ்பெர்சன், ஆங்கிலத்தில் நொட் கருத்தளவில் வேறொரு சொல்லுக்கு உரியதாக இருந்தாலும் வினையிடம் போய் ஒட்டிக்கொள்கிறது என்று எழுதினார். இங்கே நடப்பதும் அதுதான். நொட் பிகோஸை மறுக்க வந்ததா, லீவை மறுக்க வந்ததா என்பது வாக்கியத்தைப் பார்த்துத் தெரியவில்லை.

இங்கே வினையடையின் இடத்தை மட்டும் நம்பக் கூடாது. அசையவில்லை என்றால் காரணத்தை முன்னால் கொண்டு வாருங்கள்: பிகோஸ் ஐ வோஸ் அஃப்ரெய்ட், ஐ டிட் நொட் லீவ் மை லாண்ட். காரணம் நொட்டுக்கு இடப்பக்கம் வந்துவிட்டது, இனி அதை மறுப்பு தொடாது. விட்டேன், ஆனால் பயத்தால் அல்ல என்றால் இரண்டு வாக்கியமாக உடையுங்கள்: ஐ லெஃப்ட் மை லாண்ட். இட் வோஸ் நொட் பிகோஸ் ஒஃப் ஃபியர். மொழிபெயர்ப்பாளர் ஒருவர் உங்களுக்காக எழுதினால், அதில் நொட்டும் பிகோஸும் ஒரே வாக்கியத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் உடைத்து எழுதச் சொல்லிவிட்டுக் கையெழுத்திடுங்கள். அப்படிக் கேட்பது உங்கள் உரிமை.

ஓலும் நொட்டும் ஒன்றாக வந்தாலும் இதே கதை. "எல்லாக் குடும்பத்துக்கும் வீடு கிடைக்கேல்லை" என்பதை அப்படியே ஓல் த ஃபமிலீஸ் டிட் நொட் கெட் ஹவுசஸ் என்று எழுதினால் ஒருவருக்குமே கிடைக்கவில்லை என்றும் படிக்கலாம். சிலருக்குக் கிடைத்தது என்றால் நொட் ஓல் த ஃபமிலீஸ் காட் ஹவுசஸ். ஒருவருக்கும் இல்லையென்றால் நன் ஒஃப் த ஃபமிலீஸ் காட் ஹவுசஸ்.

செய்து பாருங்கள்

கீழே உள்ளவற்றை முதலில் நீங்களே ஆங்கிலமாக்கிவிட்டுப் பிறகு விளக்கத்தைப் பாருங்கள்.

"துருசு இன்னும் திறக்கேல்லை." யாரையும் குறை சொல்லாமல் தகவலாகச் சொன்னால், தே ஹாவ் நொட் ஓபின்ட் த ஸ்லூஸ் யெட். விதைத்து நாளாகிப் பயிர் வாடுகிறதென்றால், தே ஸ்டில் ஹாவ் நொட் ஓபின்ட் த ஸ்லூஸ். இரண்டையும் எழுதிப் பழகுங்கள்.

"எல்லா வருசமும் நாங்கள் சிறுபோகம் செய்யிறேல்லை." குளத்தில் தண்ணீர் இருக்கும் வருடம் செய்கிறோம், இல்லாத வருடம் இல்லை. ஆகவே வீ டோன்ட் ஓல்வேய்ஸ் கல்டிவேட் இன் த யால சீசன். ஓல்வேய்ஸுக்குப் பதில் கடைசியில் எவ்ரி இயர் என்று வைத்தாலும் சரி. வீ நெவர் கல்டிவேட் என்று எழுதியிருந்தால் "எல்லா வருசமும்" என்பதை மறுபடி வாசியுங்கள்.

"அநேகமா அவ நாளைக்குப் பள்ளிக்கூடம் வரமாட்டா." ஷீ ப்ரொபப்ளி வோன்ட் கம் டு ஸ்கூல் டுமொறோ. ஒட்டிய சொல்லுக்கு முன்னால்.

"காய்ச்சல் எல்லாம் டெங்குதான் எண்டில்லை." எ ஃபீவர் டஸ் நொட் நெசசரிலி மீன் டெங்கி.

"ரீச்சர் சொன்னது எனக்கு வடிவா விளங்கேல்லை." ஐ டிடின்ட் குவைட் அண்டர்ஸ்டாண்ட் வட் த ரீச்சர் செட். குவைட் இங்கே நொட்டுக்கு வலப்பக்கத்தில் நிற்பதால் மறுப்பு "வடிவா" என்பதை மட்டும் தொடுகிறது, கொஞ்சம் விளங்கியிருக்கிறது. ஒன்றுமே விளங்கவில்லை என்றால் குவைட்டை எடுத்துவிட்டுக் கடைசியில் அட் ஓல் சேர்த்து எழுதுங்கள். வகுப்பில் கையை உயர்த்தி இந்த இரண்டில் எதைச் சொல்கிறீர்கள் என்பதைப் பார்த்துத்தான் ரீச்சர் எங்கேயிருந்து திரும்பத் தொடங்குவதென்று முடிவெடுப்பார்.